நான்காம் பித்தான்

மூன்றாவது பாட்டின் நடுவில் லிவியோவின் இடக்கை நடுவிரல் மரத்துப்போயிற்று. விரல் இருந்த இடத்தில்தான் இருந்தது. பாஸ் கிட்டாரின் கழுத்தை வளைத்துப் பிடித்தபடியேதான் இருந்தது. ஆயினும் அது கம்பியை அழுத்துகிறதா, வெறுங்காற்றை அழுத்துகிறதா என்று அவரால் சொல்ல இயலவில்லை. அடுத்த பாட்டுக்குள் ஆள்காட்டி விரலும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஐந்தாவது பாட்டு 'படிக்கட்டு'. அதன் தொடக்கத்தில் குரலும் இல்லை, கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. பாஸ் மட்டும் தனித்து ஏறி இறங்க வேண்டும். அன்று அது ஏறும்போதே இரண்டு படிகளை விழுங்கிவிட்டது.

பாடுவதற்காகத் திறந்த வாயை ஸ்லாவென் மூடிக்கொண்டார். அவர்தான் குழுவின் பாடகர், கிட்டார்காரர், சுவரொட்டி அச்சிடுபவர், கடைசிச் சொல்லும் அவருடையது. "மறுபடி" என்றார். மறுபடியும் அதே இடத்தில் தட்டுத்தடுமாறிற்று. மூன்றாம் முறைக்குப் பின் கிட்டாரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"ஏன் கெழவா, பஸ் ஓட்டறப்பவும் இப்படித்தான் ரெண்டு ஸ்டாப்ப விட்டுட்டுப் போவியா?"

லிவியோ சிரித்து வைத்தார். இரட்டைப் பணிநேரம், மழை, தூக்கமில்லை என்று ஏதோ சொன்னார். டிரம்ஸ்காரர் பெரோ, திருக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு திருகாணியைக் குனிந்து திருகிக்கொண்டிருந்தார்.

லிவியோவுக்கு வயது ஐம்பத்து மூன்று. ரியெக்கா நகரப் பேருந்தில் ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து மலைமேல் குடியிருப்புகளுக்கு, மழையில் வழுக்கும் வளைவுகளில், நாள்தோறும் ஏறியும் இறங்கியும் வருபவர். அந்த நகரத்தில் பாதிப் பேருக்கு அவருடைய முதுகு நன்றாகத் தெரியும், முகம் தெரியாது. முகம் தெரிவது, பள்ளி நாளில் தொடங்கிய 'ஈரச்சுவர்' என்ற இந்த முரட்டு இசைக்குழுவில் அவர் மேடையேறும்போது மட்டுமே. ஆண்டுக்குச் சில கச்சேரிகள். அவற்றுள் பெரியது மே மாதம் துறைமுகத்துப் பழைய கிடங்கில் நடப்பது. பெரும்பணமோ பெரும்புகழோ அதில் இல்லை. ஆனால் அந்த ஒத்திகை அறையின் சாவி தம் சட்டைப்பையில் இருக்கும் வரை தாம் வெறும் முதுகு அல்லர் என்பது லிவியோவின் கணக்கு.

அந்தக் குழுவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கிட்டார் தொங்கும் தோள்வாரைப் பற்றியது அது. வாசிப்பவன் நிமிர்ந்து நிற்க வேண்டும். வலக்கை தோளிலிருந்து நேராகத் தொங்க வேண்டும். தொங்கிய கையின் விரல் எங்கே போய் நிற்கிறதோ அங்கே கம்பி இருக்க வேண்டும். கை மடங்கக் கூடாது. கை மடங்கினால் அவன் கல்யாணக் கோஷ்டிக்காரன். கல்யாண வாத்தியக்காரர்கள்தாம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மார்புக்கு நேரே கிட்டாரைத் தூக்கி மாட்டிக்கொண்டு, மணமகளின் சித்தப்பா கேட்ட பாட்டையெல்லாம் வாசிப்பவர்கள் என்பது இவர்கள் முடிவு. யாருக்கும் சபலம் வந்துவிடக் கூடாதென்று, பதினெட்டு வயதில், செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் போய், வாரின் கடைசித் துளையில் செம்பு ஆணியை அடித்து நிரந்தரமாகத் தறைந்துவிட்டார்கள். அன்று முதல் லிவியோவின் பாஸ் அவர் தொடைக்கு நேரே தொங்கிவந்தது. வயிற்றுப் பகுதி காலியாகக் கிடந்ததால், ஸ்லாவென் தாம் வேலை பார்க்கும் அச்சகத்தில் செய்த பனியன்களில் குழுவின் பெயரை அங்கேயே பெரிதாகப் பொறித்தார்.

சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்பதையும் லிவியோ அறிவார். முன்பு டெனிஸ் என்றொரு இரண்டாம் கிட்டார்காரர் குழுவில் இருந்தார். தோள் வலிக்கிறதென்று ஆணியைப் பிடுங்கி, வாரை இரண்டு விரல் அளவு ஏற்றிக்கொண்டு ஒருநாள் வந்தார். அவர் கதவைத் திறந்த கணத்தில் லிவியோ தம் பாஸில் கல்யாண ஊர்வலப் பாட்டை வாசித்தார். அறை முழுதும் சிரித்தது. அடுத்த முறையும் வாசித்தார். அதற்கடுத்த முறை டெனிஸ் வரவில்லை. பின்னர் எப்போதும் வரவில்லை.

ஆகவே இப்போது விரல்கள் மரத்த செய்தியை லிவியோ ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவி ஓரியெட்டாவிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் காப்பிக் கிண்ணம் கைநழுவி விழுந்தபோது அவரே கண்டுகொண்டார். மருத்துவரிடம் அழைத்துப்போனதும் அவர்தான். மருத்துவர் லிவியோவின் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். மடக்கிப் பிடித்து, எண்ணிக்கொண்டே எங்கே குத்துகிறதென்று கேட்டார். மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நசுங்குகிறது என்றும், கையை இப்படிக் கூர்மையாக மடக்கி வைத்துக்கொண்டு செய்யும் வேலை ஏதேனும் உண்டா என்றும் வினவினார். லிவியோ பேருந்தின் சுக்கானைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சுக்கான் பிடிக்கும் கை அப்படி மடங்காதே என்றார் மருத்துவர்.

"நான் சொல்றேன் டாக்டர்" என்றார் ஓரியெட்டா. "இந்த வயசுல இவரு கிட்டார முட்டி வரைக்கும் தொங்க விட்டுட்டு நிக்கறாரு. கழுத்து எட்டலன்னு கைய உள்பக்கமா மடிச்சு மடிச்சுப் புடிக்கறாரு. தூக்கி மாட்டினா மானம் போயிடுமாம்."

மருத்துவர் சிரிக்கவில்லை. மடக்குவதை நிறுத்தினால் நரம்பு தேற வாய்ப்புண்டு. நிறுத்தாவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும். அதற்கும் காலம் கடந்துவிட்டால், போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்று நிதானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் லிவியோ பாஸை எடுத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் வாசிக்கும்போது அவர் எப்போதும் உட்கார்ந்துதான் வாசிப்பார். தொடைமேல் கிட்டார் கிடக்கும். 'படிக்கட்டு' முழுவதையும் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். ஒரு விரலும் மரக்கவில்லை, ஒரு படியும் தவறவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒரு கருவியை வீட்டில் ஓர் உயரத்திலும் மேடையில் வேறோர் உயரத்திலும் வாசித்துவந்திருக்கிறோம், கைக்கு இரண்டும் இரண்டு வெவ்வேறு வேலைகள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உட்கார்ந்திருக்கையில் இடது மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருந்தது. கிட்டாரின் கழுத்து சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. அதன் உடலின் மேல்விளிம்பு அவருடைய சட்டையின் நான்காம் பித்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து நின்று, தறைந்த வாரை மாட்டினார். பித்தான்கள் எல்லாவற்றையும் விட்டு, இடுப்புவாரையும் தாண்டி, பாஸ் கீழே போய் நின்றது.

பழைய தறையாணியைத் துளையிட்டு எடுக்கக் கடைவீதிச் செருப்புக் கடைக்காரரே போதுமானவராயிருந்தார். வாரில் வரிசையாகப் புதுத் துளைகளும் இட்டுக் கொடுத்தார். முதல் நாள் ஆர்வத்தில் லிவியோ மிகவும் ஏற்றிவிட்டார். பாஸ் மார்புக்கு வந்துவிட்டது. இடக்கைக்கு இதமாக இருந்தது. ஆனால் வலக்கை முழங்கை பின்னுக்குத் தூக்கிக்கொண்டு, இப்போது வலது மணிக்கட்டு மடங்கலாயிற்று.

"புள்ளைய ஏப்பம் விட வைக்கற மாதிரி இருக்க" என்றார், மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த ஓரியெட்டா.

ஒவ்வொரு துளையாக இறக்கினார். உட்கார்ந்தார், எழுந்தார். உட்காரும்போது விளிம்பு எந்தப் பித்தானைத் தொடுகிறதோ, எழும்போதும் அதையே தொட வேண்டும். அதுதான் அளவு என்று வைத்துக்கொண்டார். காலணி மாற்றினால் ஏதும் மாறுகிறதா என்றும் பார்த்தார், மாறவில்லை. ஒரு துளையில் உட்கார்வதும் நிற்பதும் ஒன்றாயின. பாஸ் நான்காம் பித்தானில் நின்றது. இரண்டு மணிக்கட்டுகளும் நேராயிருந்தன. வலக்கை மட்டும் முழங்கையில் அழகாக, மறுக்க முடியாதபடி, மடங்கியிருந்தது.

"சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் எழவு விழுந்த வீடு மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?" என்று கேட்டார் ஓரியெட்டா.

"ஸ்லாவென் பாப்பான்."

"பாக்கட்டுமே."

"உனக்குத் தெரியாது."

தெரியாமல் செய்துவிடலாம் என்றுதான் லிவியோ எண்ணினார். ஒத்திகைக்கு ஒரு துளை வீதம் ஏற்றினால் கண் பழகிவிடும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர் திட்டம். முதல் ஒத்திகையில் ஒன்றும் நேரவில்லை. இரண்டாவதிலும் ஒன்றும் நேரவில்லை. விரல்கள் நான்காம் பாட்டு வரை தாங்கின. அவர் மறந்தது பனியனை. கச்சேரி நெருங்கியதால் மூவரும் பெயர் பொறித்த பனியனோடு ஒத்திகைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பாஸ் ஏற ஏற, வயிற்றிலிருந்த பெயர் கீழிருந்து மறைந்துகொண்டே வந்தது.

ஸ்லாவென் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தம் கிட்டாருக்குச் சுருதி சேர்த்தார். அந்தப் பார்வை லிவியோவை உறுத்திற்று. மறுவாரம் சந்தையில், பெரோவின் மீன்கடைக்கு எதிரே லிவியோ போய் நின்றபோது, பெரோ மத்தி மீன்களைப் பனிக்கட்டிமேல் அடுக்குவதை நிறுத்தாமலே பேசினார்.

"கஸ்தாவ் ஊர்ல ரோக்கோன்னு ஒருத்தன் இருக்கான். முப்பது வயசு. நல்லா வாசிப்பான். கால் முட்டில பாஸ் இடிக்கும் அவனுக்கு."

"யாரு சொன்னா?"

"ஸ்லாவென் அவனுக்கு நம்ம பாட்டெல்லாம் அனுப்பியிருக்கான். நீ அசால்ட்டா வாசிக்கறன்னு நெனக்கறான். இல்ல, உனக்கு எங்க மேல எளக்காரம் வந்துடுச்சுன்னு நெனக்கறான். எனக்குத் தெரியல." பெரோ ஈரக் கையை மேலங்கியில் துடைத்தார். "உன் சட்டைல பேர் பாதிதான் தெரியுது, கெழவா. அத மட்டும் நானும் பாத்தேன்."

கச்சேரிக்கு முந்திய ஒத்திகையில் லிவியோ இனி ஒளிப்பதில் பயனில்லை என்று நான்காம் பித்தான் அளவிலேயே மாட்டிக்கொண்டு நின்றார். பனியனில் பெயர் முழுவதும் மறைந்துவிட்டது. ஸ்லாவென் தம் கிட்டாரை மாட்டாமலே எதிரில் வந்து நின்று அந்த இடத்தையே பார்த்தார்.

"பேர் எங்க போச்சு?"

லிவியோ எல்லாவற்றையும் சொன்னார். நரம்பை, மருத்துவரை, காப்பிக் கிண்ணத்தை, மூன்றாவது பாட்டில் காணாமற்போகும் விரலை. சொல்லும்போது இடக்கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதும் அவருக்கே தெரிந்தது.

"எத்தன நாளா?" என்றார் ஸ்லாவென்.

"குளிர்காலத்துல இருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"டெனிஸ் சொன்னான் இல்ல? தோள் வலிக்குதுன்னு. என்ன பண்ணினோம்?"

"கல்யாணப் பாட்டு வாசிச்சது நீ."

"ஆமா. நான்தான்."

பெரோ குச்சிகளை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். ஸ்லாவென் சன்னலருகே போனார். வெளியே மழை, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் பாதி மறைந்திருந்தன. இந்தக் குழுவிடம் வேறு என்னதான் இருக்கிறது என்று அவர் மெல்லக் கேட்டார். நன்றாக வாசிப்பவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நன்றாகப் பாடுபவர்களும் இருக்கிறார்கள். நாம் மூவரும் வயிற்றில் பெயர் ஒரே கோட்டில் தெரிய நின்றால், தெரியாதவனும் தூரத்திலிருந்து பார்த்து இது ஈரச்சுவர் என்பான். அது போய்விட்டால் மிஞ்சுவது வயதான மூன்று ஆட்கள் என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்ததை லிவியோ கேட்டார். 

ஸ்லாவென் திரும்பினார்.

"சனிக்கிழமைக்குள்ள ரோக்கோவத் தயார் பண்ண முடியாது. நீயே வாசி. எறக்கி மாட்டினா, பழையபடி. இல்ல, இப்படித்தான் நிப்பேன்னா, முடிஞ்சதும் சாவிய ஆம்ப் பெட்டி மேல வெச்சுட்டுப் போயிடு. சண்டை வேணாம்."

அந்த வாரம் முழுவதும் லிவியோ பேருந்தை ஓட்டினார், மலையேறினார், இறங்கினார். வெள்ளிக்கிழமை சமையலறையில் வாரைக் கடைசித் துளைக்கு இறக்கிப் பார்த்தார். ஒரே ஒரு கச்சேரிதானே, மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்காதா என்று ஓரியெட்டாவைக் கேட்டபோது, அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். லிவியோ பாட்டுகளைக் கச்சேரி வரிசைப்படி வாசித்தார். மூன்றாவதில் நடுவிரல் போயிற்று. ஐந்தாவதில், 'படிக்கட்டு' ஏறும் இடத்தில், பாஸ் இரண்டு படிகளை விழுங்கிற்று.

"எனக்கே கேட்டுடுச்சு" என்றார் ஓரியெட்டா. "எனக்குக் காதே கெடையாது."

ஆகக் கணக்கு இவ்வளவுதான். இறக்கி மாட்டினால் இடம் தங்கும், பாட்டு கெடும், கையும் கெடும். ஏற்றி மாட்டினால் பாட்டு நிற்கும், இடம் போகும். லிவியோ வாரை அவிழ்த்தார். நெடுநேரம் துளைகளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் பித்தானின் துளையில் மாட்டினார்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கிடங்கின் அகன்ற கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். மாலை வெயில் தரையில் நீண்டு கிடந்தது. நரைத்த தலைகளும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளுமாகக் கூட்டம் சேர்ந்திருந்தது. லிவியோ மேடையேறியதும் முன்வரிசையில் ஒருவர் கூவினார்: "லிவியோ, பொண்ணு வீடா, மாப்ள வீடா?" பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் அறிவார். ஒரு காலத்தில் அதை அவரே உண்டாக்கியிருக்கிறார். இப்போது அது எந்த இடத்தில் போய்க் குத்தும் என்பதும் தெரிந்தது. பாஸைச் சற்று இறக்கிப் பிடித்துக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது. ஸ்லாவென் சிரிக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முதுகைக் காட்டியே நின்றார்.

முதற்பாட்டு போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் லிவியோ நடுவிரலுக்காகக் காத்திருந்தார், அது போகவில்லை. தடித்த கம்பியின் சொரசொரப்பு நுனிவிரலில் தெளிவாகத் தெரிந்தது. நான்காவதிலும் தெரிந்தது. அவர் மகிழவில்லை; இழக்கப்போகும் ஒன்றைக் கடைசியாக ஒருமுறை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற இறுக்கமே இருந்தது. ஸ்லாவெனின் முதுகு அப்படியே இருந்தது.

ஐந்தாவது, 'படிக்கட்டு'. கிட்டாரும் டிரம்ஸும் அடங்கின. பாஸ் தனியாக ஏறத் தொடங்கியது. லிவியோ படிகளை எண்ணவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் போலவே கை நடந்தது. ஒவ்வொரு படியும் முழுதாக ஒலித்து, அடுத்த படிக்கு இடம் விட்டு அடங்கிற்று. பாதி வழியில் ஸ்லாவென் திரும்பினார். கச்சேரியில் அவர் அப்படித் திரும்புவதே இல்லை. லிவியோவின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ் உச்சிக்கு ஏறி இறங்கி, பாட்டு தொடங்க வேண்டிய இடத்துக்கு வந்தது. குரல் வரவில்லை. ஸ்லாவென் தம் இடத்தைத் தவறவிட்டிருந்தார். பெரோ டிரம்ஸை உருட்டி இடைவெளியை நிரப்ப, லிவியோ பதறாமல் மறுபடி ஒருமுறை ஏறி இறங்கினார். இரண்டாம் முறை குரல் சரியாக வந்து சேர்ந்தது. கூட்டம் அதைப் புதிய ஏற்பாடு என்றே நினைத்துக் கைதட்டிற்று.

முடிந்ததும் மூவரும் மின்கம்பிகளைச் சுருட்டினார்கள். மூவர் பெயரும் ஒரே கோட்டில் தெரிய வழக்கமாக எடுக்கும் புகைப்படத்துக்கு ஸ்லாவென் அழைக்கவில்லை. லிவியோ பாஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். காற்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, சொன்னபடியே ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் வைத்தார். ஆம்பில் இன்னும் சூடு இருந்தது.

ஸ்லாவென் அதைத் தூக்க வந்தவர், சாவியைக் கண்டு நின்றார்.

"நொழைய வேண்டிய எடத்த விட்டுட்டேன்" என்றார்.

"கவனிச்சேன்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல மொத தடவ."

"ரெண்டாவது" என்றார் பெரோ, சிம்பலை உறையில் போட்டபடி. "ஓப்பாத்தியாவுல ஒரு தடவ விட்ட. அங்க உன் பொண்டாட்டி வந்திருந்தா."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்லாவென் ஆம்பின் பிடியில் கை வைத்தார், தூக்கவில்லை.

"சாவிய எடுத்துக்கோ. தூக்கினா விழுந்துடும்." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பேர நெஞ்சுக்கு மேல போட்டு ஒரு பனியன் அடிச்சுத் தரேன். உனக்கு மட்டும்" என்றார்.

உனக்கு மட்டும். லிவியோ அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டார். இனி மூவர் ஒரே கோட்டில் நிற்கப்போவதில்லை. இருவர் ஒரு கோட்டிலும் ஒருவர் வேறொரு கோட்டிலும் நிற்பார்கள். முன்வரிசையில் அந்தக் கூவல் ஒவ்வொரு முறையும் எழும். ஸ்லாவென் இதை மன்னித்தாரா, பொறுத்துக்கொண்டாரா என்பது புதன்கிழமை ஒத்திகையில்கூடத் தெரியாமற்போகலாம். கஸ்தாவ் ரோக்கோவிடம் இன்னும் அந்தப் பாட்டுகள் இருக்கின்றன.

அவர் இடக்கையை நீட்டிச் சாவியை எடுத்தார். ஆம்பின் சூடு அதில் ஏறியிருந்தது. அது நடுவிரலுக்குத் தெரிந்தது.